உள்ளிழுத்த ஆமாம்

பனியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் சமையலறை மேசையில் கிடக்கிறது. மாட்டு வைத்தியர் குன்வோர் இரண்டு மணிக்கட்டிலும் கட்டுப்போட்டபடி மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். சொல்வதை எழுதிக்கொள்ளும் மென்பொருளுக்குத் தன் குரலைப் பழக்குகிறாள். அது பழகினால்தான் அவளால் அறிக்கை எழுத முடியும். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப முடியும். அவள் ஒரு வரி சொன்னதும் அது கேட்கிறது, "சரியா?" அவள் உதட்டைக் குவித்து, சூடான காப்பியை உறிஞ்சுவதுபோல் மூச்சைச் சர்ரென்று உள்ளே இழுக்கிறாள். எங்கள் வடக்கு ஸ்வீடனில் ஆமாம் என்பதற்கு அதுவே போதும். "பதில் கேட்கவில்லை," என்கிறது அது. மறுபடி இழுக்கிறாள். மறுபடியும், "பதில் கேட்கவில்லை." அடுப்பைப் பார்த்து நிற்கும் கணவன் சிக்ஸ்டன் சிரிக்கிறான். "ஸ்டாக்ஹோம்காரி மாதிரி வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்."

"ஏன் சொல்லணும்? உன்னைக் கட்டிக்கச் சம்மதமான்னு பாதிரியார் கேட்டப்பவே இப்படித்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டுச்சுல்ல? இதுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. மாட்டிக்கிட்டேன். காப்பி வேணுமா?"

அவள் முகவாயை உயர்த்தி, திரையைப் பார்த்தபடியே மூச்சை உள்ளே இழுக்கிறாள்.

"பதில் கேட்கவில்லை," என்கிறது கணினி. அதற்குள் அவள் முதுகுக்குப் பின்னால் கோப்பையில் காப்பி விழும் சத்தம்.