தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சந்து

அண்ணன் வரைபட நிறுவனத்தில் வேலை பார்த்தார். தம்பி எலக்ட்ரீஷியன், ஓய்வு நேரத்தில் தெருத்தெருவாக நடந்து, தன்னார்வலர்களின் இணைய வரைபடத்தில் விவரம் சேர்ப்பான். காலால் நடக்காத இடத்தை ஒருநாளும் குறித்ததில்லை.

"நீ உக்காந்து வரையிற, நான் நடந்து வரையிறேன். எதுண்ணே உண்மை?" என்று வம்பிழுப்பான்.

அண்ணனோ, தங்கள் வரைபடத்தைக் காப்பியடிப்பவர்களைப் பிடிக்க, நிறுவன வழக்கப்படி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இல்லாத சந்து ஒன்றை வரைந்து வைத்திருந்தார். அங்கே இருப்பது வெறும் சுவர்.

லாரி மோதித் தம்பி இறந்த மறுவாரம், தன்னார்வலர் வரைபடத்தில் அந்தச் சந்து முளைத்தது. சேர்த்தவர் பெயர் தம்பியுடையது. ‘நடந்து பார்த்தது’ என்ற குறிப்பும் இருந்தது.

"எவனோ தம்பி பேர்ல விளையாடுறான்" என்றாள் அண்ணனின் மனைவி.

"விளையாடட்டும். காப்பியடிச்சவன் கையும் களவுமா மாட்டிக்கிட்டான்ல?" என்று சிரிக்கப் பார்த்தார்.

மறுநாள் சந்தில் ஒரு குழாய் சேர்ந்தது, அடுத்த நாள் ஒரு தெருவிளக்கு. இரண்டும் அவர் வரையாதவை. பிறகு சந்தின் கடைசியில் ஒரு வீடு: ‘அண்ணன் வீடு. கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.’

அவர் நேரில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். சுவர்தான்.

இன்று காலை ‘கட்டிக்கொண்டிருக்கிறார்கள்’ என்பது மட்டும் நீக்கப்பட்டிருந்தது.