ஐம்பது விநாடி இருட்டு

"மாட்டச் சொல்லி வர்றவங்களைப் பாத்திருக்கேன். கழட்டச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான் சிஸ்டர்!"

மின்னல் மாஸ்டர் சுழல் நாற்காலியில் அரை வட்டம் அடித்து, இந்த நகைச்சுவையை ரசிக்க வேறு யாராவது இருக்கிறார்களா என்று கடையைப் பார்த்தார். ஒருவரும் இல்லை. மதியம் மூன்று மணி. எதிரே, காலை ஷிப்ட் முடிந்து சீருடையோடு வந்திருந்த நர்ஸ் மட்டும். மேஜை மேல் அவளுடைய கேமிங் கம்ப்யூட்டர்.

மின்னல் என்ற பட்டம் யாரும் கொடுத்ததல்ல. பெயர்ப் பலகையில் இடம் மிச்சமிருந்ததால் அவரே போட்டுக்கொண்டது. மூன்று விநாடிக்குள் கேம் திறக்காவிட்டால் அது கம்ப்யூட்டர் அல்ல, அம்மிக்கல் என்பது அவர் சித்தாந்தம்.

"போன வாரம்தானே பதினாறு ஜிபி ரேம் ரெண்டு போட்டேன்? ரெண்டும் ஒரே பேட்ச், இரட்டைப் பிள்ளைங்க மாதிரி. கூடவே ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா எஸ்.எஸ்.டி. உள்ள கலர் லைட் வேற. இன்னும் என்ன குறை?"

"குறையே இல்லைண்ணே. வேகம்தான் ஜாஸ்தியாயிடுச்சு." நர்ஸ் கைப்பையிலிருந்து பஞ்சில் சுற்றிய இரண்டு பொட்டலங்களை எடுத்து வைத்தாள். "பழைய எட்டு ஜிபி, பழைய ஹார்ட் டிஸ்க். இதையே மறுபடி போட்டுக் குடுங்க. புதுசை நீங்களே வச்சுக்குங்க, காசு வேணாம்."

"இதுல கேம் திறக்க அம்பது செகண்ட் ஆகுமே!"

"அந்த அம்பது செகண்டுதான் எனக்கு வேணும். அப்பதான் அப்பா பின்னாடி வந்து நின்னு திட்டுவார்."

மாஸ்டர் காதைக் குடைந்துகொண்டார். "திட்டு வாங்கவா வேகத்தைக் குறைக்கறீங்க?"

"'டூட்டி முடிஞ்சு வந்து தூங்காம இது என்னடி பொம்மைச் சண்டை'ன்னு ஆரம்பிப்பார். 'சாப்டியா'ன்னு முடிப்பார். கரெக்டா அம்பது செகண்ட். இப்ப அவர் வந்து நிக்கறதுக்குள்ள கேம் திறந்துடுது. எட்டு நாளா அப்பா வரலைண்ணே. இன்னும் தள்ளிப்போனா வர்றதையே விட்டுடுவாரோன்னு பயமா இருக்கு."

"முழங்கால் வலியா இருக்கும். பெரியவங்க மெதுவாத்தான் வருவாங்க. கேம் முடிஞ்சதும் நீங்களே எழுந்து போய்ப் பேசினா என்ன?"

"அதுக்கு வழியில்லையே."

மாஸ்டரின் குரல் மேடையேறியது. "இதோ பாருங்க சிஸ்டர். மனுஷனோட பாதி ஆயுசு காத்திருந்தே போயிடுது. அதை ஒழிக்கறதுக்குன்னே பொறந்தவன் நான். என் கடையில எந்த ஸ்க்ரீனும் மூணு செகண்டுக்கு மேல கருப்பா நின்னதில்லை. நிக்கவும் விட மாட்டேன். எனக்கு இது தொழில் இல்லை, தவம்!"

ரேம் விற்பதைத் தவம் என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு துளி வெட்கம்கூட இல்லை.

நர்ஸ் பொறுமையாகக் கேட்டாள். "உங்க வீட்ல யாரும் உங்களைச் சாப்பிடக் கூப்பிட மாட்டாங்களாண்ணே?"

"கூப்பிட்டவ போய்ச் சேந்து ஒன்பது வருஷமாச்சு. நிம்மதியா வேலை ஓடுது." தேவைக்கு மேல் உரக்கச் சொன்னார். "உங்க வேலை இங்க நடக்காது. வேற கடை பாருங்க."

"சரி, ஸ்க்ரூ டிரைவரையாவது குடுங்க."

அவர் கொடுக்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள். தினமும் நாற்பது ஊசி போடும் விரல்கள். பக்கத் தகட்டைக் கழற்றி, நரம்பு தேடும் நிதானத்தோடு புது ரேமை உருவினாள், பழையதைச் செருகினாள், ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டினாள். மாஸ்டர், "வேணாம் சிஸ்டர், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்க" என்று பதறுவதற்குள் சுவிட்சைத் தட்டிவிட்டாள்.

கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே எழுந்தது. அவள் கேமைக் கிளிக் செய்தாள். திரை கருத்தது, கண்ணாடிபோல் முகம் தெரியும் பளபளப்பான கருப்பு.

மாஸ்டர் விருட்டென்று எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டி, அலமாரியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

"வந்துட்டீங்களாப்பா!" என்றாள் நர்ஸ், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "திரும்ப மாட்டேன்ப்பா. திரும்பினா நீங்க அங்க இருக்க மாட்டீங்கன்னு தெரியும்."

கடைக் கதவு சாத்தியபடியே இருந்தது.

"சத்தம் வராதுண்ணே" என்று அவருக்கும் விளக்கினாள். "ஐ.சி.யூ.ல தொண்டையில குழாய் வச்சவங்க பேச்சை உதட்டைப் பாத்தே புரிஞ்சுக்குவோம். அப்பாவும் கடைசி நாலு நாள் எங்கிட்ட அப்படித்தான் பேசினார்."

மாஸ்டர் ஒரே பெட்டியை மூன்றாவது முறையாகத் தூசி தட்டினார்.

"அண்ணே..." அவள் திரையை நோக்கிக் குனிந்தாள். "அப்பா இன்னிக்குத் தனியா இல்லை. உங்க தோளை ஒட்டி ஒரு அக்கா நிக்கறாங்க. ஒன்பது வருஷமா உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு வந்து வந்து நிக்கறாங்களாம். வாயைத் திறக்கறதுக்குள்ள வெளிச்சத்தைப் போட்டுடறீங்களாம்."

மாஸ்டர் திரும்பவில்லை. யாரென்றும் கேட்கவில்லை.

"அவகிட்ட... நான் கடையில இல்லைன்னு சொல்லிடும்மா" என்றார்.