இரண்டாவது கோடு

"சார், இந்தக் கோடு சரியில்லை."

சாக்பீஸும் கையுமாக நிமிர்ந்தார் ஸ்டுடியோ முதலாளி. தரையில் அப்போதுதான் கோடு கிழித்து முடித்திருந்தார்.

"என்னம்மா சரியில்லை? நேராத்தானே இருக்கு?"

"நேராத்தான் இருக்கு சார். நியாயமா இல்லை."

வரவேற்பு மேஜையில் இருந்த முதலாளியின் மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள். வேலை கேட்டு வந்த இடத்தில் முதல் பேச்சே இதுவா?

ஸ்டுடியோவுக்கு ஒரு போட்டோகிராபர் வேண்டும். வந்திருந்தது இரண்டே பேர். இந்த உயரமான பெண்ணும், கண்ணாடி போட்ட ஓர் ஆளும். பெஞ்சில் காத்திருந்தபோது இருவரும் கேமரா பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வைத்த பரீட்சை சின்னதுதான். முதலாளியின் தம்பி குடும்பம் சுவரோரமாக வரிசையாய் உட்கார்ந்திருக்கும். ஸ்டுடியோவின் ஐம்பது எம்.எம். லென்ஸை அவரவர் கேமராவில் மாட்டி, கோட்டில் நின்று, எல்லாரும் விழுகிற மாதிரி ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும்.

"ஒரே லென்ஸ், ஒரே கோடு, ஒரே குடும்பம். பாரபட்சம்னு நாளைக்கு ஒருத்தர் பேசக் கூடாதுன்னுதான் இப்படி வச்சேன். இதுக்கு மேல என்னம்மா நியாயம்?"

"லென்ஸ் ஒண்ணுதான் சார். கேமராவுக்குள்ளே படம் விழற சென்சார் எல்லாத்துலயும் ஒரே அளவு இல்லையே. சென்சார் சின்னதா இருந்தா இதே ஐம்பது, எழுபத்தஞ்சு மாதிரி குறுகலாக் காட்டும். இங்கே நின்னு எடுத்தா ஓரத்துல இருக்கறவங்க வெளியே போயிடுவாங்க."

முதலாளி சிரித்தார். "நான் பிலிம் காலத்து ஆளும்மா. ஐம்பதுன்னா ஐம்பதுதான். கடை மாறினா கிலோ மாறுமா?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று மேஜையிலிருந்து ஒரு குரல், காதில் விழட்டும் என்றே வந்தது.

விழுந்தது. அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. ஆனாலும் நகரவில்லை.

பெஞ்சிலிருந்து கண்ணாடிக்காரர் எழுந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி திரும்பிப் பார்த்ததும், பையை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"பாருங்க, அவர் எவ்வளவு அமைதியா இருக்கார்" என்றார் முதலாளி. "உங்க கேமரா சின்னதுன்னா அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்?"

"யார் கேமராவா இருந்தா என்ன சார்? கணக்கு ஒண்ணுதானே?"

"இஷ்டமில்லைன்னா நீங்க போகலாம்."

'இந்த வேலை கிடைச்சே ஆகணும்மா. வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான்' என்று உள்ளே வரும்போதே முதலாளியின் மனைவியிடம் அவள் சொல்லியிருந்தாள். இப்போது ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். வாசலுக்குப் போகவில்லை. நேராக மேஜைக்குப் போனாள்.

"அம்மா, இந்த அட்டைச் சட்டம் ரெண்டையும் எடுத்துக்கலாமா?"

போட்டோ ஒட்டுவதற்கு நடுவில் வெட்டிய அட்டைகள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

"எதுக்கு?"

"நீங்களே வந்து பாருங்கம்மா. ஒரு நிமிஷம்."

முணுமுணுத்துக்கொண்டே அந்த அம்மாள் எழுந்து வந்து கோட்டில் நின்றாள். பெரிய சட்டத்தைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"எல்லாரும் தெரியறாங்க."

"இப்போ சின்னதை அதே இடத்துல பிடிங்க."

"ஐயோ! என் ஓரகத்தியைக் காணோமே!"

"நான் இங்கேதான் இருக்கேன் அக்கா!" என்று சுவரோரத்திலிருந்து ஓரகத்தி கத்தினாள்.

"இந்தப் பக்கம் உங்க தம்பியையும் காணோம். ஏங்க, நீங்களே பாருங்க!"

முதலாளி வாங்கிப் பார்த்தார். பெரியதைப் பிடித்தார், சின்னதைப் பிடித்தார், மறுபடி பெரியது. தலையைச் சொறிந்தார்.

"அவங்க எங்கேயும் போகலை சார். சென்சார்ங்கற ஜன்னல்தான் சின்னது. சுவர்லேருந்து இதைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துல இன்னொரு கோடு போட்டுட்டா ரெண்டு கேமராவுக்கும் சரியாயிடும்."

அளந்து பார்த்தால், இரண்டாவது கோடு விழ வேண்டிய இடத்தில் வரவேற்பு மேஜை.

"என் மேஜைதான் கிடைச்சுதா உனக்கு?" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாளே ஒரு பக்கம் பிடித்து இழுத்தாள். கண்ணாடிக்காரர் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தார். முதலாளி குனிந்து இரண்டாவது கோட்டைக் கிழித்தார்.

"கெட்டிக்காரிதான். இல்லைன்னு சொல்லலை" என்று புருஷன் காதருகே கிசுகிசுத்தாள் மனைவி. "ஆனா தன் காரியத்துல கண்ணா இருக்கா பாருங்க. நாளைக்கு நமக்கும் இப்படித்தான் சட்டம் பேசுவா. பேசாம அந்தக் கண்ணாடிக்காரரையே எடுத்துக்கோங்க."

முதலாளியும் தலையாட்டினார். கையைத் தட்டித் தூசியை உதறினார்.

"சரி, இவ்வளவு வாதாடினீங்க. நீங்களே முதல்ல எடுங்க. வாங்க, வந்து உங்க கோட்டுல நில்லுங்க."

அவள் பையைத் திறந்து கேமராவை எடுத்தாள். முதலாளியின் புருவம் உயர்ந்தது. ஸ்டுடியோவில் அவரே வைத்திருந்த கேமராவின் ஜோடி மாதிரி இருந்தது அது. பெரிய சென்சார்.

அவள் இரண்டாவது கோட்டைத் தாண்டி நடந்து, முதல் கோட்டில் போய் நின்றாள். கண்ணாடிக்காரரைக் கைகாட்டினாள்.

"எனக்கு இதுவே போதும் சார். அது அவரோட கோடு."