ஐந்தாவது வில்

"இதுவும் தோளைப் புடிக்குதும்மா."

ரம்யாஸ்ரீக்கு அந்த மூன்றாவது வில்லைப் பிடுங்கி வீதியில் எறிந்துவிடலாம் போலிருந்தது. விலையை நினைத்து, சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய விளையாட்டுச் சாமான் கடை அரைநாள்தான். தம்பி விஜய்ஆனந்த் ஷட்டரைப் பாதி இறக்கிய நேரத்தில் குனிந்து உள்ளே வந்தவர் இவர். பெயர் பேயாண்டி. சமயநல்லூரில் டயர் கடை. வாசலை அடைக்கிற தோள்.

"காம்பவுண்டு வில்லு வேணும்மா. ரெண்டு முனையிலயும் சக்கரம் இருக்குமே, அது. தோளுக்கு வலிக்கவே கூடாது. நாளைக்குக் காலைல முதல் அம்பு. அதுல வலிச்சுச்சுன்னா அம்புட்டுத்தான். வில்லு பரணுக்குப் போயிரும்."

அந்தச் சக்கரத்துக்குக் கேம் என்று பெயர். வில்லை இழுப்பது லேசா, கடினமா என்பது அதன் வடிவத்தில் இருக்கிறது. வேகமான கேம் அம்பை விரட்டும், தோளையும் பதம் பார்க்கும். ரம்யாஸ்ரீ முதலில் எடுத்துக் கொடுத்தது அதைத்தான். அவர் உடம்பைப் பார்த்தால் யாரும் அதைத்தான் கொடுப்பார்கள்.

இழுத்தார். பாதியிலேயே முகம் சுளித்தார்.

"எடுத்த எடுப்புல கனம் மொத்தமும் வந்து உக்காருதும்மா."

இரண்டாவது வில்.

"வரும்போது நல்லா வருது. திரும்ப விடும்போது வெடுக்குனு தோளைப் பிடுங்குது."

"அம்புதான் போயிருமேண்ணே. திரும்ப எங்க விடப்போறீங்க?"

"குறி சரியா அமையலன்னா விடணும்ல?"

மூன்றாவதை நீட்டியபோது புதிதாக ஒன்று ஆரம்பித்தார். "எல்லா வில்லுலயும் இழுக்குற கனத்தை ஒண்ணுபோல வச்சுக் குடும்மா. அப்பத்தான் எந்தச் சக்கரம் லேசுன்னு தெரியும்."

ரம்யாஸ்ரீ பல்லைக் கடித்துக்கொண்டு திருகுச்சாவியை எடுத்தாள். மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு, ஒவ்வொரு வில்லுக்கும். கைபேசி மறுபடி அடித்தது. பெரியம்மா வீட்டு விசேஷத்தில் பந்தி போட்டாயிற்றாம். அம்மாவின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

விஜய்ஆனந்த் பக்கத்தில் வந்து வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் முணுமுணுத்தான். "சித்திரைத் திருவிழாவுல பிளாஸ்டிக் வில்லு விப்பாங்கக்கா. அதுதான் இவருக்கு லேசா இருக்கும். போகச் சொல்லு."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

நான்காவது, மேல்தட்டில் ஒரு இரும்புப் பெட்டிக்கு அடியில் இருந்தது. விஜய்ஆனந்த் ஸ்டூல் தேடினான். "இருங்க தம்பி" என்று பேயாண்டியே எட்டி, இரும்புப் பெட்டியை இடது கையால் அலாக்காகத் தூக்கிக் கீழே வைத்தார். மூச்சுகூட வாங்கவில்லை.

அதே மனிதர் வில்லைப் பாதி இழுத்துவிட்டு இறக்கினார்.

"ம்ஹூம். இதுவும் ஆகாதும்மா."

ரம்யாஸ்ரீக்கு வந்ததே கோபம்!

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க கடையில டயரைத் தூக்குறது நீங்களா, அண்ணியா?"

"நாந்தாம்மா" என்று சிரித்தார். நெற்றியில் வேர்வை. வலது தோளை மெல்லச் சுழற்றிக்கொண்டார். "இன்னொண்ணு இருந்தாக் காட்டு."

"இன்னொரு நாள் வாங்களேண்ணே."

"நாளைக்குக் காலைலம்மா."

கண்ணாடி அலமாரியில் கடைசியாக ஒன்று கிடந்தது. வட்டமான கேம். இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை.

"இதுல அம்பு மெதுவாத்தான் போகும். பின்னாடி வந்து சண்டைக்கு நிக்கக் கூடாது."

அவர் இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பிடித்தார். மெதுவாகத் திரும்ப விட்டார். இன்னொரு முறை. மறுபடியும்.

"இதான்மா. நோகவே இல்ல."

விஜய்ஆனந்த் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

"கையை ரெண்டு பக்கமும் நீட்டுங்கண்ணே" என்று ரம்யாஸ்ரீ அளவுநாடாவோடு வந்தாள். "ஆளோட கை நீளத்துக்குத் தக்கபடி வைக்கணும்."

"எனக்கு அளக்காதம்மா. இருபத்தாறு இஞ்சு வச்சுரு. தங்கச்சி அளவு."

நாடா அவள் கையிலேயே நின்றது.

"தங்கச்சிக்கா?"

"ஆமா, பாண்டிமீனா. மாநிலப் போட்டியில மெடல் வாங்குனவ. வலது தோள்ல ஆபரேஷன் ஆச்சு. பழைய வில்லை வித்துப்புட்டா. இப்ப டாக்டரே இழுக்கலாம்னுட்டாரு, இவதான் மாட்டேங்கிறா. ஒரே ஒரு தடவைன்னு கெஞ்சி, நாளைக்கு வாரேன்னு சொல்ல வச்சிருக்கேன்."

ரம்யாஸ்ரீக்கு அடங்கியிருந்த எரிச்சல் திரும்பக் கிளம்பியது.

"இதை முதல்லயே சொல்ல மாட்டீங்களாண்ணே? ஆபரேஷன் ஆன தோளுக்கு எது லேசுன்னு, டயர் தூக்குற தோளுக்கு எப்படித் தெரியும்?"

"டயர் தூக்குறது இந்தக் கைம்மா" என்று இடது கையைக் காட்டினார். "நான் இடக்கைக்காரன். வலது கையால சோறு திங்கிறதோட சரி. அதான் வலது கையாலயே இழுத்துப் பார்த்தேன். அதுக்குத்தான் சட்டுனு வலி தெரியும்."

"எதுக்குண்ணே இம்புட்டுச் சிரமம்? அவங்களையே கூட்டிட்டு வந்திருந்தா அஞ்சையும் இழுத்துப் பார்த்து, பிடிச்சதை எடுத்திருப்பாங்கள்ல?"

பேயாண்டி வில்லைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"நாலு வில்லு வலிச்சுச்சேம்மா. அந்த நாலையும் அவ இழுத்திருந்தா, அஞ்சாவதைத் தொட்டிருப்பாளா?"