மூன்று ஜீப்

"மாமா, வெரசா சொல்லுங்க. எந்தப் பக்கம் போறது?"

வேலுமணி ஜீப்பிலிருந்து குதித்தான். சீட்டுக்கு அடியில் அரிவாள் கிடந்ததைக் காசிநாதன் பார்த்துவிட்டார்.

வேலுமணி அவர் மனைவியின் தம்பி. காணாமல் போயிருப்பது அவருடைய மகள் இந்து. வேற்றுச் சாதிப் பையனோடு விடியுமுன் ஓடிவிட்டாள் என்று அட்டுவம்பட்டி முழுக்க ஒரே பேச்சு.

ரிட்டயர் ஆகும்வரை காசிநாதன் வனத்துறையில் வாட்சர். சோலைக்காட்டில் வழி தவறிய டூரிஸ்டுகள் எத்தனையோ பேரை மீட்டு வந்தவர். ஆள் தேடுவதென்றால் கொடைக்கானலில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"ஒரு எடத்துல உக்காந்திருக்கறவனத் தேடுறது வேற, ஓடுறவனத் தேடுறது வேறப்பா," என்றார். "ஓடுறவங்க மலைய விட்டு எறங்கத்தான் பாப்பாங்க. ஒரு ஜீப்பு வத்தலக்குண்டு ரோட்டுல போகட்டும். ஒண்ணு மன்னவனூர் பக்கம். நீ பழனி ரோட்டப் பிடி. பாலசமுத்திரம் வரைக்கும் ஒரு பஸ்ஸு விடாம ஏறிப் பாரு."

"போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல ரெண்டு பேரப் போடவா மாமா? இப்பல்லாம் நேரா அங்க போயில்ல உக்காந்துக்கிறாங்க."

காசிநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இருக்குற ஆளே கொஞ்சம். மலை எம்புட்டுப் பெருசா கெடக்கு! ஊருக்குள்ள ஆள நிறுத்திட்டா ரோட்டுல யாரு பாக்குறது? தாண்டிப் போயிட்டா அம்புட்டுத்தான்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. வேலுமணியின் பார்வை வீட்டுக்குப் பின்னாலிருந்த பூண்டுக் கொட்டகைமேல் போனது.

"அங்க?"

"வெள்ளனே நானே ஏறிப் பாத்துட்டேன். பாத்த எடத்தையே திரும்பத் திரும்பப் பாத்தா பொழுதுதான் போகும்."

வேலுமணி ஜீப்பில் ஏறினான். "சிக்குனா உயிரோட கொண்டாற மாட்டேன். அப்புறம் என்னையக் கொற சொல்லக் கூடாது."

"மொதல்ல கண்டுபிடி," என்றார் காசிநாதன். குரல் தழுதழுத்தது. பெற்ற மனம் அப்படித்தான் இருக்கும் என்று கூட நின்றவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு ஜீப்புகளில் ஏறினார்கள்.

மூன்று ஜீப்பும் கிளம்பிப் போயின. கடைசி ஹாரன் சத்தம் பனிமூட்டத்தில் அடங்கும்வரை அவர் வாசலைவிட்டு நகரவில்லை. பிறகு கொட்டகைக்குள் போய், பூண்டு கட்டித் தொங்கவிட்டிருந்த பரணில் ஏணியைச் சாய்த்தார்.

"எறங்கி வாம்மா இந்து," என்றார் அண்ணாந்து பார்த்து. "ஊருக்குள்ள இப்ப நம்ம ஆளு ஒருத்தரும் இல்ல. ஸ்டேஷன்ல மாப்பிள்ளை நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காரு."