கரண்டு வரும் நேரம்

"தினமும் ஒரே நேரத்துல பாடிப் பழகணும்மா" என்றார் கம்பம் ஊர்ப் பாட்டு டீச்சர், போனில்.

"கரண்டு வர்ற நேரந்தேன் டீச்சர் என் நேரம்" என்று சிரித்தாள் மாரீஸ்வரி.

திராட்சைத் தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் ஒருநாள் காலையில் வரும், ஒருநாள் மத்தியானம் வரும். வந்ததும் கணவன் ஈஸ்வரபாண்டி மோட்டார் போட ஓடுவான். அவன் தலை மறைந்ததும் இவள் அடுப்பை அணைத்துவிட்டுப் பாட உட்காருவாள். கல்யாணமான புதிதில் அவள் பாட்டைக் கேட்டு அவன் ஒருமுறை சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் காதுபட அவள் பாடியதே இல்லை. இனி ஊர்த் திருவிழா மேடையில்தான் அவன் கேட்க வேண்டும் என்று வைராக்கியம்.

இன்றும் அவன் கிளம்பியதும் ஆரம்பித்தாள். பாதிப் பாட்டில் மெக்கானிக் தவசி வாசலில் வந்து நின்றான்.

"மதினி, மோட்டார் ரெடி. அண்ணனை வந்து எடுத்துக்கிடச் சொல்லுங்க."

"எந்த மோட்டாரு? அவுக அதைப் போடத்தான இப்பப் போனாக!"

"அது காயில் கம்பி எரிஞ்சு, போன வாரத்துல இருந்து என் பட்டறையிலதேன கெடக்கு!"

மாரீஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் தினமும் எங்கே ஓடினான்? தவசி போனதும், கணவனுக்குப் போன் போட்டாள்.

"எங்கன இருக்கீக?"

"தோட்டத்துலதேன். தண்ணி பாயுது, வர நேரமாகும்."

அந்தக் குரல் போனிலும் கேட்டது, கொல்லைப்புறச் சன்னலுக்கு வெளியிலும் கேட்டது.

விக்கித்துப்போய்ச் சன்னலைத் திறந்தாள். சுவரோரம் குத்தவைத்திருந்த ஈஸ்வரபாண்டி, போனைக் காதிலிருந்து எடுக்காமலே கேட்டான்.

"ஏன் பாதியில நிப்பாட்டிட்ட?"