கமலவேணியின் காகிதங்கள்

கொல்லையில் புகை தெரிந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் குளிக்க வெந்நீர் போடுகிறார்கள் என்று நினைத்துத்தான் ஜானகி கிணற்றடிக்குப் போனாள்.

அங்கே அண்டா இல்லை. செத்துப்போன அக்காள் கமலவேணியின் தகரப்பெட்டி, வாயைத் திறந்தபடி காலியாகக் கிடந்தது. அக்காள் புருஷன் அமிர்தலிங்கம் நீளமான குச்சியால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அத்தான்! என்ன எரிக்கிறீங்க?"

"கிட்ட வராத, ஜானகி. காச நோயில கிடந்தவ தொட்ட காயிதம். துணிமணி, காயிதம் ஒண்ணையும் வைக்காதீங்கன்னு டாக்டரு சொல்லிட்டாரு. மூணு வயசுப் புள்ள வளர்ற வூடு இது."

ஜானகி கேட்கவில்லை. ஓரத்தில் கருகிக்கொண்டிருந்த ஒரு நோட்டை இழுத்தாள். நாலு பக்கம் மிஞ்சியிருந்தது. அக்காளின் கையெழுத்துதான். வரிக்கு வரி அடித்தலும் திருத்தலுமாக இருந்தது.

கமலவேணி எழுதிய இரண்டு நாவல்கள் அச்சில் வந்திருந்தன. மூன்றாவதை, யுத்தத்தில் காகிதம் கிடைக்காத நாளிலும் விடாமல், ஐந்து வருஷம் எழுதினாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் பெரம்பலூரில் இருக்கும் ஜானகிக்கு ஒரு கார்டு போட்டிருந்தாள். 'நாவல் முடிந்தது. தனித்தாளில் சுத்தமாகப் பிரதி எடுத்துவிட்டேன். நீதான் வந்து எடுத்துப்போய்க் காப்பாற்ற வேண்டும்.'

இதோ வருகிறேன் என்று ஜானகி பதில் எழுதினாள். பையனுக்குக் காய்ச்சல், பிறகு மழை என்று தள்ளிப்போயிற்று. கடைசியில் சாவுக்குத்தான் வந்தாள். பிணம் கிடக்கிற வீட்டில் காகிதத்தைக் கேட்க வாய் வரவில்லை; காரியம் முடிந்ததும் கேட்கலாம் என்று இருந்துவிட்டாள்.

"தனித்தாளா ஒரு கட்டு இருந்திருக்குமே, அத்தான்?"

"நோட்டு எது, தாளு எது, படம் எதுன்னு நான் பிரிச்சா பாத்தேன்? பொட்டியில இருந்ததெல்லாம் அதுலதான் இருக்கு." குச்சியால் நெருப்பைக் காட்டினார்.

ஆக, அவள் வரைந்த படங்களும் போய்விட்டன. முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கறுத்த விரல்கள், சந்தையில் உட்கார்ந்தபடி தூங்கும் வளையல்காரன், சேற்றில் சிக்கிய வண்டி. கண்ணால் பார்க்காததை வரைய மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் கமலவேணி.

"அஞ்சு வருஷ எழுத்து அத்தான். எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப? கொண்டுபோயி உம் புள்ள தலைமாட்டுல வச்சிருப்பியா?"

அமிர்தலிங்கம் குரலை இறக்கிக்கொண்டார்.

"கூடத்துல ஏழு சாமி படம் மாட்டியிருக்கு. அதுவும் அவ போட்டதுதான். கடைசி ஆறு மாசமா முருகன், பிள்ளையாரு, மாரியம்மன்னு அதே வேலையா இருந்தா. கோயில் பக்கம் தலவச்சிப் படுக்காதவ, நோவு வந்ததும் சாமியப் புடிச்சிக்கிட்டா. வேணும்னா எடுத்துட்டுப் போ. கண்ணாடி போட்டதுதான், தொடச்சிக்கலாம்."

"எழுத்தக் கொளுத்திட்டுப் பொம்மையத் தரீங்களா? எனக்கு வேணாம்."

"அப்ப ஏரியிலதான் விடணும். நோவுக்காரி வச்சிருந்தது, வூட்டுல வைக்க முடியாது. அதுக்காவ சாமிய நெருப்புல போட முடியுமா?"

தன் பையனை நினைத்து, ஜானகி கையிலிருந்த கருகிய நோட்டை நெருப்பிலேயே திரும்பப் போட்டாள்.

"குடுங்க, நானே விடறேன். அவளுக்கு என் கையால இதாவது நடக்கட்டும்."

ஏழு படங்களையும் பழைய வேட்டியில் கட்டிச் சுமந்துகொண்டு போனாள். கார்த்திகை மழையில் ஏரி தளும்பிக்கொண்டிருந்தது. மதகடியில் இரண்டு ஆள் ஆழம் இருக்கும்.

ஒவ்வொரு படமாக இரண்டு கைகளாலும் தண்ணீரில் விட்டாள். சட்டம் சற்று மிதந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, குமிழி விட்டுக்கொண்டே இறங்கியது. கடைசியாக மாரியம்மன். அந்த முகத்தில் அக்காளின் சாயல் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு அதையும் விட்டாள். பிறகு எழுந்திருக்கத் தோன்றாமல் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் ஏரிக்கரை மேல் ஒரு ஆள் ஓடிவந்தான். தோளில் துண்டு இல்லை; மூச்சு வாங்கியது.

"நீங்கதான பெரம்பலூர் தங்கச்சி? நான் அரியமுத்துங்க. அரியலூர்ல படத்துக்குச் சட்டம் போடறவன். கமலவேணியம்மா போன சேதி நேத்துதான் காதுல வுழுந்துச்சு. வூட்டுல கேட்டேன், ஏரிக்குப் போயிருக்கீங்கன்னாங்க."

"எதுக்குப்பா இப்படி ஓடியார?"

"நீங்க ஊருக்கு வரும்போது உங்ககிட்ட மட்டும் நேர்ல ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. கார்டுல எழுதினா தபால்காரன்லேருந்து வூட்டுக்காரர் வரைக்கும் படிச்சிடுவாங்களாம். எழுத்து தெரியாத பய நீதான் இதுக்கு லாயக்குன்னு என்னைக் கேலி பண்ணுவாங்க." சிரிக்கப் பார்த்தவன், அவள் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். "அந்த ஏழு சாமி படமும் உங்ககிட்டதானம்மா இருக்கு?"

"இல்ல. தண்ணியில விட்டாச்சு."

அரியமுத்து மதகடித் தண்ணீரை எட்டிப் பார்த்தான்.

"ஏழையுமா? சட்டத்தோடயா?"

"சட்டத்தோடதான். பின்ன, சாமி படத்த எரிக்கவா முடியும்?"

அவன் தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"யாரும் எரிக்க மாட்டாங்கன்னுதாம்மா, எழுதின தாளையெல்லாம் அதுக்குள்ள வச்சி ஆணியடிக்கச் சொன்னாங்க."